பஞ்சப்படி இல்லாதவர்கள்

வேளச்சேரி அடுக்ககம் ஒன்றில் எதிரெதிர் வீடு. ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியர். மற்றதில் ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் பத்து வருடமாகக் குப்பை கொட்டும் மென்பொருள்காரர். இப்படி ஒரு ஜோடி சென்னையில் எல்லாத் தெருவிலும் உண்டு என்பதால் பெயர் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: டி.ஏ. ஏறிவிட்டது. அதற்காக அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை, யாருக்கும் கடிதம் எழுதவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஏப்ரலில் வரும் ஒரே ஒரு மின்னஞ்சலுக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பார். வந்ததும் திறந்து பார்ப்பார். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசமாட்டார்.

டி.ஏ.வை இன்று அகவிலைப்படி என்கிறோம். பழைய ஆட்கள் வாயில் அது பஞ்சப்படி. உலகப்போர்க் காலங்களில் அரிசி, கேழ்வரகு விலை எகிறியபோது, கூலியைத் தொடாமல் அதன்மேல் தனியாகப் போட்டுக்கொடுத்த படி. பஞ்சம் போனதும் எடுத்துவிடலாம் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. விலை இறங்கவே இல்லை, படி நிலைத்துவிட்டது. இப்போது மத்திய அரசு தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து ஜனவரிக்கும் ஜூலைக்கும் அதைத் திருத்துகிறது. மாநில அரசு பின்னால் வருகிறது. வங்கி ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையே திருத்தம்.

ஆசிரியரின் சம்பளம் விலைவாசியோடு கயிறு கட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கு அந்தக் கயிறு கிடையாது. தேங்கிப்போன சம்பளம் என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோருடைய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆனால் புலம்பலுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் போடுவதில்லை.

2014-15இல் ஒருவர் கையில் மாதம் 25,000 ரூபாய் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 2024-25இல் 38,000. பதின்மூன்றாயிரம் ஏறியிருக்கிறது, வருடத்துக்கு நாலு சதவீதத்துக்குச் சற்று மேல். பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது அரசின் விலைக் குறியீட்டை எடுங்கள். 2012ஐ 100 என்று வைத்துக் கணக்கிட்ட அந்தக் குறியீடு 2014-15இல் சராசரியாக 119 அளவில் இருந்தது. 2024-25இல் சுமார் 193. ஆக, அன்றைய 25,000 வாங்கிய அதே சாமான்களை வாங்க இன்று 40,500 வேண்டும். பத்து வருட அனுபவம், இரண்டு பிரமோஷன், நாலு 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் எல்லாம் போக, மனிதர் சேர்ந்த அன்று இருந்ததைவிட மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஏழையாகியிருக்கிறார்.

வெட்டியிருந்தால் வலித்திருக்கும். சம்பளத்தில் ஐந்நூறு ரூபாயைக் குறைக்கிறோம் என்று எந்த நிர்வாகமாவது கடிதம் கொடுத்துப் பார்க்கட்டும், அன்று மதியமே கேன்டீன் கொதிக்கும். ஏற்றுகிற மாதிரி ஏற்றி, விலைவாசி குறைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் கைதட்டுகூடக் கிடைக்கும்.

ஐடி துறையின் ஆரம்பச் சம்பளம் இதற்கு ஊரறிந்த உதாரணம். 2010களின் தொடக்கத்தில் பெரிய கம்பெனிகள் கல்லூரியிலிருந்து நேராக எடுக்கும் பொறியியல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றேகால் லட்சத்தை ஒட்டித் தந்தன. இன்றும் அடிமட்ட வேலைக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. நடுவில் விலைவாசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் ஒன்று பரவி, சமூக ஊடகமே சிரித்தது. அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கானது, பொறியாளர்களுக்கு நாலு லட்சத்திலிருந்து ஆரம்பம் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. விளக்கம் சரிதான். சிரித்தவர்கள் சிரித்தது அந்த ஒரு எண்ணைப் பார்த்து மட்டும் அல்ல.

காரணம் பெரிய ரகசியமில்லை. ஒரு இடத்துக்கு நூறு பேர் வாசலில் நிற்கும்போது யாரும் விலையை ஏற்றமாட்டார்கள். (அரசையும் விட்டுவிட வேண்டாம். பிஎஃப் பிடித்தத்துக்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ஆக்கப்பட்டது. பத்தாண்டு தாண்டியும் அதே 15,000. எண்களைத் தூங்க வைப்பதில் தனியாருக்கு மட்டும் காப்புரிமை இல்லை.)

சரி, கணக்குப் போட்டாயிற்று. அடுத்து என்ன?

பெரும்பாலோர் செய்வது, கடிதம் வந்த பிறகு மேனேஜரிடம் போய் நிற்பது. "சார், இந்த வருஷமாவது ஏதாவது பார்த்துச் செய்யுங்க." "எனக்குப் புரியுதுப்பா, பட்ஜெட் இல்ல." இந்த உரையாடல் நடக்கும்போது பட்ஜெட் பூட்டப்பட்டு மாதங்கள் ஆகியிருக்கும். ஏப்ரலில் உயர்வு தரும் கம்பெனியில், யார் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு பொங்கலை ஒட்டியே பேசப்பட ஆரம்பித்துவிடும். கேட்கிறவர் தீபாவளிக்கே வாய் திறந்திருக்க வேண்டும். அப்போது மேனேஜர் கையில் ஒரு தாளும் இருக்க வேண்டும். என்ன வேலை கூடியது, யாருடைய வேலையைச் சேர்த்துப் பார்க்கிறார், தான் போனால் அந்த இடத்துக்குச் சந்தையில் என்ன விலை. வீட்டு வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மேனேஜர் தன் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டக்கூடிய சரக்கு அது இல்லை.

இன்னொன்று, சதவீதத்தில் மயங்கக்கூடாது. எட்டு சதவீதம் என்றால் எதன் மேல்? சி.டி.சி. என்ற பெட்டிக்குள் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி ஒதுக்கீடு, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், கிடைத்தால்தான் உண்டு என்கிற மாறும் ஊதியம் எல்லாம் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பெட்டி எட்டு சதவீதம் வளரும், கையில் வருவது மூன்று சதவீதம் வளரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கில் சேரும் என்று ஒரு விதி இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தை ஒல்லியாக வைத்துப் படிகளை ஊதிக்காட்டும் பழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம். பிஎஃப், கிராஜுவிட்டிக்கு நல்லது. சம்பள உயர்வாக யாரும் எண்ணிவிட வேண்டாம்.

தன் விலை என்ன என்று எப்படித் தெரியும்? பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டால்தான். வேலை உத்தரவிலோ, 'சம்பள விவரம் ரகசியம்' என்று ஒரு வரி இருக்கும். நம் ஊரில் அந்த வரியே வேண்டியதில்லை. சம்பளத்தைக் கேட்பது வயதைக் கேட்பதைவிட மரியாதைக் குறைவு. இந்த மரியாதையால் லாபம் அடைவது யார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே உண்டு. லில்லி லெட்பெட்டர் 1979இல் அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் சேர்ந்தவர், மேற்பார்வையாளர். ஏறக்குறைய இருபது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வை நெருங்கும்போது பெயர் போடாத ஒரு துண்டுச்சீட்டு அவர் கைக்கு வருகிறது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்குப் போட்டார். நீ தாமதமாக வந்துவிட்டாய் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தள்ளியது. தெரியாத ஒன்றுக்கு எப்படி நேரத்தோடு வழக்குப் போடுவது? 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட முதல் சட்டம் அவர் பெயரிலேயே வந்தது. அவருக்குச் சேர வேண்டிய பாக்கி மட்டும் வரவில்லை.

அந்தத் துண்டுச்சீட்டு இங்கே வேறு வழியில் கிடைக்கும். வேலையை விட்டுப் போன நண்பர் தயக்கமில்லாமல் சொல்வார். ஆள் தேடும் ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் அழைத்தால், மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும், ஐந்து நிமிடம் பேசி அந்த இடத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மாறுவது என்ற வழி. 2021-22இல் அதன் பொற்காலம். பெருந்தொற்றுக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஆள் தேடினார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸில் ஆட்கள் வெளியேறும் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. தாவியவர்கள் நன்றாகத் தாவினார்கள். பல அலுவலகங்களில் நேற்று வந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர், அவரைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். விசுவாசத்துக்குச் சந்தை கொடுக்கும் விலை அது. அந்த வருடம் இன்ஃபோசிஸ் இன்னொரு காரணத்துக்காகவும் செய்தியில் அடிபட்டது. வேலையை விட்டுப் போகிறவர் ஆறு மாதத்துக்கு, அதே வாடிக்கையாளருக்காகக் குறிப்பிட்ட சில போட்டிக் கம்பெனிகளில் சேரக்கூடாது என்று உத்தரவில் ஒரு நிபந்தனை. புனேயின் ஐடி ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகம் வரை போனது. பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. அது 1872ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வளவு பழைய சட்டம் கையில் இருந்தும், இப்படி ஒரு வரியைப் பார்த்துப் பயந்து வந்த வாய்ப்பை விட்டவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் தாவல் இருபத்தெட்டு வயதுக்காரரின் ஆயுதம். வீட்டுக்கடன், பள்ளிச் சேர்க்கை, வயதான அம்மா, தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் எல்லாம் சேர்ந்தால் கால் எழும்பாது. சந்தை சுருங்கிய வருடத்தில் யாருக்குமே எழும்பாது. அப்போதும் விலைவாசி ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஓ.எம்.ஆரை விட்டு பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் வருவோம். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை. டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் செய்கிறது, 2007இல் தொடங்கியது. 2024 செப்டம்பர் 9 அன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் வெளியே வந்து பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சராசரிச் சம்பளம் 25,000தான், மூன்று வருடத்தில் 36,000 ஆக வேண்டும் என்று கேட்டது சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கம். வட்டாரச் சராசரியைவிட 1.8 மடங்கு கொடுக்கிறோமே என்றது நிர்வாகம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அந்த வட்டாரத்தின் நிலை. 37 நாள். நடுவில் கைதுகள், பந்தல் பிரிப்பு. அக்டோபர் 15இல் முடிந்தபோது, உண்மையில் கேட்ட முதல் விஷயமான சங்க அங்கீகாரம்கூடக் கைக்கு வரவில்லை. பதிவுச் சான்றிதழ் உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரி கடைசியில்தான் வந்தது. அடுத்த மாதமே மூன்று நிர்வாகிகள் இடைநீக்கம், மறுபடி உள்ளிருப்பு.

2025 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் வருடம் மாதம் 9,000, அடுத்த இரண்டு வருடங்களுக்கு 4,500, 4,500. அனுபவத்துக்கான தனி உயர்வையும் சேர்த்தால் மூன்று வருடத்தில் 18,000 முதல் 23,000 வரை. போராட்டம் தொடங்கியபோது அவர்கள் கேட்ட 11,000 உயர்வோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஹூண்டாய் இருக்கிறது. அங்கே இவ்வளவு ஆர்ப்பாட்டமில்லை. அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு மூன்று வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது பழகிப்போன நடைமுறை. 2025 செப்டம்பரில் வந்த ஒப்பந்தப்படி மாதம் 31,000 உயர்வு. 55, 25, 20 என்ற சதவீதத்தில் மூன்று வருடத்துக்குப் பிரித்து, 2024 ஏப்ரலிலிருந்தே கணக்கு. தாமதமாகக் கையெழுத்தானாலும் பாக்கி சேர்ந்துவரும். வங்கிகளிலும் இதே கதைதான்: 2024 மார்ச் 8இல் கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தம் 2022 நவம்பர் 1 முதல் செல்லும், உயர்வு 17 சதவீதம்.

இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருப்பது தைரியமோ அதிர்ஷ்டமோ அல்ல. ஒப்பந்தம் காலாவதியாகும் ஒரு தேதி. அந்தத் தேதி வந்தால் நிர்வாகம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மேஜைக்கு வந்தாக வேண்டும். தனியாளுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாள்தான் அவருடைய தேதி.

இதற்கு வெளியே நிற்பவர்களையும் பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன எண்கள் எல்லாம் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு. இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்வோரில் ஐந்தில் இரண்டு பேர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். அதே சட்டை, அதே லைன், அதே ஷிப்ட். ஒப்பந்தம் கையெழுத்தாகும் அறைக்குள் அவர்கள் சார்பில் பெரும்பாலும் யாரும் இல்லை. நிரந்தரத்தாரின் சங்கம் இவர்களை மறந்துவிட்டால், அடுத்த முறை நிரந்தரத்தாரின் எண்ணிக்கையே சுருங்கியிருக்கும் என்பதைச் சங்கத்துக்காரர்களே கூட்டத்தில் ஒப்புக்கொள்வார்கள். செய்வது குறைவு.

ஒப்பந்தமும் சங்கமும் இருந்துவிட்டால் போதுமா என்றால், இலங்கை மலையகத்தைக் கேட்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்குப் பெரிய தொழிற்சங்கங்கள், அமைச்சர் பதவி வரை போன தலைவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. 2015இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2016இல் வந்தது 730. அதில் அடிப்படை 500. மிச்சம் வருகைக்கு இவ்வளவு, கூடுதல் கொழுந்துக்கு இவ்வளவு, தேயிலை விலைக்கு இவ்வளவு என்று துண்டு துண்டாக. 2019 ஜனவரியில் அடிப்படையை 700 ஆக்கினார்கள். நாற்பது சதவீத உயர்வு! கூடவே வருகைப்படியும் கொழுந்துப்படியும் எடுக்கப்பட்டன, மொத்தம் 750. நாற்பது சதவீத உயர்வில் கைக்கு வந்தது இருபது ரூபாய். சி.டி.சி. என்ற சொல்லைக் கேள்விப்படாத மலையில் அதே வித்தை.

கடைசியில் 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக அரசு வர்த்தமானியில் போட்டு ஆயிரம் ரூபாயைக் கட்டாயமாக்கியது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின, கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கிலோவை ஏற்றியதாகப் புகார். கிலோ குறைந்தால் அரைப்பேர். அதாவது முழுநாள் மலையில் நின்றும் பாதி நாள் கூலி. ஆக, கையில் வந்த ஆயிரமும் முழு ஆயிரம் இல்லை.

இதிலும் பெரிய இழப்பு வேறு இடத்தில். 2015 தொடக்கத்தில் ஒரு டாலர் 130 ரூபாயைச் சுற்றி இருந்தது. அன்று கேட்ட ஆயிரம் ஏழரை டாலர். 2021 மார்ச்சில் கிடைத்தபோது அது ஐந்து டாலர். மறு வருடம் நாடு திவாலாகி டாலர் 360ஐத் தொட்டபோது மூன்று டாலருக்கும் கீழே. ஆறு வருடம் போராடி வென்ற எண், வென்ற பிறகு ஒரே வருடத்தில் கரைந்தது. கோரிக்கை அட்டையில் 'ஆயிரம்' என்று எழுதியது கோஷத்துக்கு வசதி. அந்த ஆயிரத்தை மாவு விலையோடோ மண்ணெண்ணெய் விலையோடோ யாரும் கட்டவில்லை. மீண்டும் போராட்டம், மீண்டும் நீதிமன்றம், 2024 செப்டம்பரில் 1,350. 2026ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் 1,550ம், வருகைக்காக அரசு தரும் 200ம் சேர்த்து 1,750. இதுவும் வெறும் எண்தான். இதற்கும் கயிறு இல்லை.

அதற்காகக் கயிறு இருப்பவர்களின் கயிறு அறுந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொரோனா வருடங்களில் மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்திவைத்தது. பதினெட்டு மாதம். பிறகு விகிதத்தைக் கூட்டிச் சேர்த்தார்கள், அந்தப் பதினெட்டு மாதப் பாக்கியை மட்டும் தரவில்லை. வேளச்சேரி ஆசிரியர் அந்தக் காலத்தைப் பற்றி இன்னும் பேசுவார். எதிர்வீட்டுக்காரருக்கு அது புரிவதேயில்லை. தனக்கு இல்லாத ஒன்றை இழந்ததாக ஒருவர் எப்படி இவ்வளவு கோபப்பட முடியும்?

ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாமா என்ற சந்தேகமே தமிழ்நாட்டில் 2016 வரை நீடித்தது. வைக்கலாம், தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று அந்த வருடம் மாநில அரசு தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய வருட ஜனவரியில், டி.சி.எஸ். வேலைநீக்கம் செய்த ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கி, கம்பெனியே உத்தரவைத் திரும்பப் பெற்றது. அதன்பின் சென்னை, பெங்களூர், புனேயில் சங்கங்கள் வந்தன. அவற்றின் வாசலுக்கு ஆட்கள் வருவது வேலை போன அன்றுதான். சம்பளம் நாலு சதவீதம் ஏறிய அன்று யாரும் வருவதில்லை. அன்று வீட்டுக்குப் போய் ரெஸ்யூமைத் திறக்கிறார்கள்.

சாம்சங் ஒப்பந்தத்தின் மூன்றாவது வருடம் 2027-28. ஹூண்டாய் ஒப்பந்தம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்ததற்கான கோரிக்கைப் பட்டியலைச் சங்கம் அதற்குள் எழுதி நீட்டியாக வேண்டும். வேளச்சேரிக்காரருக்கு ஏப்ரல் மின்னஞ்சல்.